கரிக்கப்பல்காரனின் தூறல்

முறத்தில் யாரோ நொய்யரிசி புடைப்பது போலத் தகரக் கூரையின் மேல் ஒரு சத்தம் கேட்டது. கஞ்சிச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே ரொசாலி அண்ணாந்து பார்த்தாள். காக்கை என்றால் நகம் கீறும், அணில் என்றால் ஓடி நின்று மறுபடி ஓடும், பனங்காய் என்றால் ஒரே அடியோடு தீர்ந்துவிடும். இதுவோ கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அவசரமில்லாத ஒரு வேலையை யாரோ பொறுமையாகச் செய்துகொண்டிருப்பது போல இருந்தது. வைகாசி மாதம், காலை பதினொரு மணி. உப்பளத்திலிருந்து வந்து காலில் அப்பியிருந்த உப்புச் சேற்றைக்கூட அவள் இன்னும் கழுவவில்லை.

"ஏட்டி, கூரையில எவன் மண்ணள்ளிப் போடுதான்?" என்று கட்டிலில் கிடந்த கஸ்பார் கேட்டான். அவள் புருஷன். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கேற்றிப் போகிற தோணியில் அவனுக்கு வேலை. வைகாசியில் தூத்துக்குடித் தோணிகளையெல்லாம் கரைசேர்த்துக் கட்டிவிட்டால் ஆவணி பிறக்கிறவரை தோணிக்கும் வேலையில்லை, அவனுக்கும் வேலையில்லை, அந்த மூன்று மாதமும் அந்த வீட்டில் அடுப்பு எரிவது ரொசாலி உப்பு வாருவதால்தான்.

அவள் வெளியே போய்ப் பார்த்தாள். மழை. மழை என்றுகூடச் சொல்ல முடியாது, தூறல், தலைமுடியை விட மெல்லியது, மேற்கிலிருந்து சாய்ந்து விழுந்தது, பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்தால் முகத்தில் அடிக்கிற குளிர் அதில் இருந்தது, நனைந்த ஆட்டு ரோமமும் நிலக்கரிப் புகையும் கலந்த ஒரு வாடையும் இருந்தது. மேலே வானம் வெள்ளைவெளேரென்று காய்ந்து கிடந்தது. தூறல் அவள் வீட்டின் நாலு மூலைக்குள் மட்டும் அளந்து வைத்தாற்போல விழுந்தது, பக்கத்து வீட்டுச் சுவரில் எஸ்தர் காயப்போட்டிருந்த நெத்திலிக் கருவாடு மொறுமொறுவென்று அப்படியே கிடந்தது.

"ரொசாலி, ஒம் மழைய கொஞ்சம் அங்கிட்டுத் தள்ளிக்கட்டி, கருவாடு காயுதுல்லா" என்றாள் எஸ்தர்.

கஸ்பார் லுங்கியைக் கட்டிக்கொண்டே வந்து காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க விரலை எச்சில்படுத்தி நீட்டினான். "கச்சானுமில்ல, வாடையுமில்ல, கொண்டலுமில்ல. இருபத்தஞ்சு வருசமா கடல்ல நனைஞ்சவன் சொல்லுதேன், இது நம்ம பக்கத்து மழையே இல்ல. ரொம்ப தூரத்துல இருந்து பயணப்பட்டு வந்திருக்கு. களைச்சுப்போயி பெய்யுது பாரு."

"களைச்சுப்போச்சுன்னா உக்காரச் சொல்லுங்க. கஞ்சி ஆறுது."

மூன்று நாளில் தெருவுக்கு அது பழகிவிட்டது. வேர்க்குரு வந்தவர்கள் சட்டையைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்கள், சைக்கிளில் ஐஸ் விற்கிறவர் நடுமதியத்தில் பெட்டியோடு வந்து கூரையோரம் ஒதுங்கினார், தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த குடங்கள் வரிசையாக இடம் மாறி ரொசாலி வீட்டு இறவாணத்துக்குக் கீழே வந்து உட்கார்ந்தன. பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு சம்பந்திகள் ஒரே குளிருக்கு வந்து நின்று, நடுங்கி, வேறு வழியில்லாமல் பேசிக்கொண்டார்கள். ரொசாலிக்கு ஒரே ஒரு கஷ்டம்தான், துவைத்த சேலை காயவில்லை, எஸ்தர் வீட்டுக் கொடியில் கொண்டுபோய்ப் போட வேண்டியிருந்தது.

நாலாம் நாள் கோயில்பிள்ளை தொம்மை வந்தார். மணி அடிப்பது, பூசைக்கு எடுத்து வைப்பது, பழைய புத்தகங்களைப் பூட்டிக் காப்பது எல்லாம் அவர்தான். சாமியாராகப் படிக்கப் போய் நாலாம் வருஷத்தில் திரும்பி வந்தவர், அதனால் மற்றவர்களை விடக் கொஞ்சம் அதிகமாகவே தெரிந்தவர். தூறலில் நின்று நாக்கை நீட்டிச் சுவை பார்த்தார். பிறகு முழங்கால் போட்டார்.

"பனிமய மாதா" என்றார். "ரோமாபுரியில் கொளுத்துகிற ஆகஸ்ட் மாசத்தில் ஒரு குன்று மேல மட்டும் பனி பெய்யலியா? அதே தாயார்தான். நம்ம ஊர் சூட்டுல கீழ வந்து சேரும்போது பனி உருகித் தண்ணியாயிருது."

பனிமய மாதாவின் ஊரில் இதைவிடத் தெளிவான விளக்கம் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அன்று சாயங்காலமே ஒன்பது நாள் செபமாக நவநாள் தொடங்கியது, தென்னங்கீற்றில் பந்தல் போட்டார்கள், பந்தல் போட்டதும் தூறல் உள்ளே விழாததால் கீற்றை உருவிவிட்டுக் கம்பை மட்டும் நிற்க விட்டார்கள், மக்கள் சீசாவில் தண்ணீர் பிடித்துத் திருச்செந்தூர் வரைக்கும் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தனுப்பினார்கள். பங்குச்சாமி குடையோடு வந்தார், குடைக்கு வெளியே கையை நீட்டினார், "பார்ப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

ரொசாலிக்கும் மாதா மேல் பக்திதான். ஆனால் அதற்குள் அவளுடைய பிழைப்பில் மண் விழுந்திருந்தது. ஏனென்றால் மாதாவின் மழை வீட்டோடு நிற்கவில்லை, கோழி கூப்பிடும் நேரத்தில் அவள் உப்பளத்துக்குக் கிளம்பினால் தூறலும் கூடவே கிளம்பியது, நாய்க்குட்டி போல நாலடி பின்னாலேயே வந்தது. தண்ணீர் கட்டி, வெயிலில் காயவிட்டு, பாத்தி பாத்தியாக உப்பு பூத்துக் கிடக்கிற சமயம். அவள் வாரி வரப்பில் ஏற்றிய உப்பு அவள் கண்ணெதிரே குழைந்து, கரைந்து, வாரின இடத்துக்கே வடிந்து போனது. ஒவ்வொரு நாளும் தூறல் அவள் தலைக்கு மேல் கொஞ்ச நேரம் நிற்கும், பிறகு வடகிழக்கு மூலைப் பக்கமாகச் சாயும், கட்டின கயிற்றை மாடு இழுக்கிற மாதிரி இழுக்கும், அவள் நகராமல் நின்றால் திரும்பி வரும். அந்த மூலையில் இருந்தது ஊமைப் பாத்தி. அவளுக்குத் தெரிந்து, அவள் அம்மாவுக்குத் தெரிந்து, அதில் ஒருநாளும் உப்பு பூத்ததில்லை. அதனால்தான் அந்தப் பெயர்.

கங்காணி பேச்சிமுத்து இரண்டு நாள் பார்த்தார். மூன்றாம் நாள் வரப்பில் குத்தவைத்துக்கொண்டு சொன்னார்: "ரொசாலி, நான் மாதாவையும் கும்பிடுதவன்தான், மாடனையும் கும்பிடுதவன்தான். ஆனா உப்புக்குச் சாமி கிடையாது. நாளைக்கு வராத."

"எத்தன நாளைக்கி அண்ணாச்சி?"

"மழை நிக்கித வரைக்கும்."

"இது நிக்கிற மழையா தெரியலிய."

"அப்ப நீயும் நின்னுக்க."

இருபத்திரண்டு வருஷமாக அவள் வாருகிற பாத்திகள். ஐப்பசி மழை வந்தால் உப்பளமே மூடிவிடும், அதற்குள் இருக்கிற நாலைந்து மாதம்தான் வருஷம் முழுக்கச் சோறு. அவள் நேராகக் கோயிலுக்குப் போனாள், தொம்மை மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தார்.

"கோயில்பிள்ளை, உங்க மாதாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் வேலைக்குப் போயிட்டு வார வரைக்கும் வீட்ல இருக்கட்டும். நான் என்ன ஓடியா போயிருவேன்?"

"இது கிருபையம்மா, ரொசாலி. கிருபைய நாம வேண்டாம்னு சொல்ல முடியுமா?"

"கிருபையில நனைஞ்சு நனைஞ்சு அந்த மனுசனுக்குச் சளி பிடிச்சிருக்கு."

ஏழாம் நாள் ரெமிஜியுஸ் மச்சாடோ வீட்டின் மேலும் தூறல் விழுந்தது. மூன்று தோணிக்குச் சொந்தக்காரர். அவர் தோணி ஒன்றில்தான் கஸ்பார் வேலை பார்த்தான். மச்சாடோ வீட்டு ஆண்களுக்குச் சாம்பல் நிறத்தில் பூனைக்கண் உண்டு, அது போர்ச்சுகீசிய ராஜா காலத்திலிருந்து வருகிறது என்று முன்கூடத்தில் மாட்டியிருக்கிற தாத்தா படத்தைக் காட்டி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். தாயார் பெரிய வீட்டையும் மறக்கவில்லை என்று தொம்மை அங்கேயும் நவநாள் வைத்தார். ஆனால் மறுநாள், உப்பளத்து வரப்பில் நின்று கூலிகளை ஏசிக்கொண்டிருந்த கங்காணி பேச்சிமுத்துவின் குடை மேல், அந்தக் குடையின் வட்டத்துக்குள் மட்டும், பொடிப்பொடியாகத் தூறியது. அவர் பக்கவாட்டில் ஓடினார், தூறலும் ஓடியது. குடையை விட்டெறிந்துவிட்டு வீட்டுக்குப் போனவர் காய்ச்சல் என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். சுடலைமாடன் பீடம் இருக்கிற அவர் வீட்டின் ஓட்டில் மாதாவின் மழை ராவும் பகலும் சொட்டியது. நவநாளுக்கு வந்த பெண்கள் செபமாலையைப் பாதியில் நிறுத்தித் தொம்மையைப் பார்த்தார்கள். அவர் அன்று சீக்கிரமே மணி அடித்துவிட்டார்.

அந்த வாரம்தான் கடிதம் வந்தது. உறையில் வெளிநாட்டுத் தபால்தலை, பங்கு அலுவலகத்து முகவரி, உள்ளே பொடி எழுத்தில் இங்கிலீஷ். தொம்மை அதைப் படித்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ரொசாலி வீட்டுக்கு வந்தார். தூறலில் நனையாமல் இருக்க உள்ளே வந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார், கஸ்பார் மூக்கைச் சிந்திக்கொண்டே கேட்டான்.

எழுதியவள் பெயர் மெகன் பியூ, எழுபத்தொரு வயது, வேல்ஸ் தேசத்தின் மேற்குக் கரையில் சிறிய துறைமுக ஊர், கல் ஓடு வேய்ந்த வீடு, தனியாக இருக்கிறாள். பத்து வருஷமாகத் தன் குடும்பத்தார் யார் யார் எங்கே போய்ச் சேர்ந்தார்கள் என்று தேடிக்கொண்டிருக்கிறாள், கோயில் புத்தகங்களையும் கல்லறைக் கற்களையும் கப்பல் ஆட்பட்டியலையும் ஒன்று விடாமல் பார்த்துவிட்டாள், அவள் பாட்டனாரோடு பிறந்தவர்கள் ஐந்து பேர், ஐந்து பேரும் கப்பல்காரர்கள், நாலு பேர் எந்தக் கடலில் போனார்கள் என்று தெரிந்துவிட்டது, ஒருவர் மட்டும் பாக்கி. ஈவான். நிலக்கரி ஏற்றிய கப்பலில் வந்தவர். தூத்துக்குடியிலிருந்து அவர் எழுதிய ஒரே கடிதம் அவளிடம் இருக்கிறது, அதில் இரண்டே வரிகள்: நன்றாக இருக்கிறேன், இங்கே மழையே கிடையாது.

"எங்கள் ஊரில் ஓர் ஆளை அடையாளம் சொல்ல அப்பன் பெயர், அப்பனுக்கு அப்பன் பெயர் என்று அடுக்கிச் சொல்வது பழைய வழக்கம்" என்று தொம்மை படித்தார். "ஈவான், ஹியூவின் மகன், ஹியூ ரோபர்ட்டின் மகன். அதற்குக் கீழே என் தாளில் வெறுமையாக இருக்கிறது. யாராவது இருந்தால் தங்கள் பெயரை அதே மாதிரி சொல்லச் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்." அவர் தாளைத் திருப்பினார். "இன்னொரு விஷயம், இதைச் சொன்னால் என்னைக் கிறுக்கி என்று நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். எங்கள் ஊரில் தினமும் மழை. ஆனால் முப்பது நாளாக என் வீட்டின் மேல் மட்டும் பெய்யவில்லை. அக்கம்பக்கத்தார் துணி காயப்போட என் தோட்டத்துக்கு வருகிறார்கள்."

ரொசாலி எழுந்து வாசலில் போய் நின்றாள். தூறல் அவள் முகத்தில் விழுந்தது.

"அப்ப மாதா இல்லியா?" என்றான் கஸ்பார்.

தொம்மை கடிதத்தை மடித்து உறைக்குள் வைத்தார். கோயிலுக்குப் போய் நூற்றிமுப்பது வருஷத்து ஞானஸ்நானப் புத்தகங்களை எடுத்து வைத்துக்கொண்டு இரண்டு நாள் தூசியில் தும்மினார். செசிலி என்று ஒரு பிள்ளையின் பெயருக்குப் பக்கத்தில், ஓரத்தில், அந்தக் காலத்துச் சாமியார் ஒருவர் பொடியாக எழுதி வைத்திருந்தார்: தகப்பன் ஈவான், கரிக்கப்பல்காரன். காய்ச்சலோடு கரைக்கு வந்தவன், கப்பல் விட்டுவிட்டுப் போயிற்று. ஆறு வருஷம் நம் தோணிகளில் கொழும்புக்குப் போய்வந்தான். நம் ஆசாரத்தில் ஞானஸ்நானம் பெற மறுத்தான், என் ஊரில் என் தலையில் போதுமான தண்ணீர் விழுந்தாயிற்று என்றான். காலராவில் அவனும் மனைவியும் இறந்தனர். மனைவி கல்லறைத் தோட்டத்துக்கு உள்ளே, அவன் சுவருக்கு வெளியே உப்பளத்துப் பக்கம் அடக்கம். பிள்ளைகள் மூவரையும் மூன்று வீட்டார் எடுத்துக்கொண்டனர். அவர்கள் கேட்டுக்கொண்டபடியால் வீடுகளின் பெயரை எழுதவில்லை.

அது அந்தக் கரையின் வழக்கம். தாய் தகப்பனில்லாத பிள்ளையை ஒரு வீடு எடுத்துக்கொண்டால் அன்றிலிருந்து அது அந்த வீட்டுப் பிள்ளை, வந்த வழியை வாய்தவறிக்கூட யாரும் சொல்லிவிடக் கூடாது, சண்டையில் சொன்னாலும் பாவம், குடித்துவிட்டுச் சொன்னாலும் பாவம். ஊர் அந்த மரியாதையை அவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றியதில், தெரிந்தவர்கள் எல்லாம் சொல்லாமலே செத்துப்போனார்கள், பிறகு சொல்லாமல் இருப்பதற்கும் ஒன்றுமில்லாமல் போயிற்று.

"செசிலி எங்க அம்மாவோட அப்பாவைப் பெத்தவ" என்றாள் ரொசாலி. "மத்த ரெண்டு வீடு எதுன்னு சாமி எழுதல. மழை எழுதிட்டு."

தெரு முழுக்க அன்று மத்தியானம் மச்சாடோ வீட்டுக் கூரையையும் பேச்சிமுத்து வீட்டு ஓட்டையும் பார்த்தது, பார்த்துவிட்டுப் பார்க்காதது போல இருந்தது. எஸ்தர் மட்டும், "பூனைக்கண்ணு போர்ச்சுகல்ல இருந்து வரலியாம்ட்டி, கரிமூட்டையில வந்துச்சாம்" என்று கருவாட்டிடம் சொன்னாள்.

விஷயம் தெரிந்துவிட்டதே தவிர மழை நிற்கவில்லை, ரொசாலிக்கு வேலையும் வரவில்லை. தாளில் பெயர் எழுதி அனுப்பினால் போதும் என்றார் தொம்மை. ரொசாலிக்கு அப்படித் தோன்றவில்லை. தினமும் அந்தத் தூறல் இழுத்த திசையை அவள் பார்த்திருந்தாள். சுவருக்கு வெளியே, உப்பளத்துப் பக்கம். அந்தக் காலத்தில் அங்கே பாத்தி இல்லை, வெறும் பொட்டல். பிறகு வந்தவர்கள் வரப்புக் கட்டித் தண்ணீர் பாய்ச்சினார்கள். எத்தனை வெயில் அடித்தாலும் உப்பு பூக்காத ஒரே ஒரு பாத்தி.

அவள் பேச்சிமுத்து வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"காய்ச்சல்" என்றது உள்ளேயிருந்து குரல்.

"அண்ணாச்சி, ஒங்க வீட்டுக் காய்ச்சல்தான் எங்க வீட்லயும் பெய்யுது. கதவத் தொறங்க."

அவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்தார். முகம் ஊறி வெளுத்திருந்தது. "கம்பெனிக்குத் தெரிஞ்சா என்னையும் நிப்பாட்டிருவான் தாயி. வெளிய சொல்லிராத. எங்க பூட்டி பேர் பேச்சி. அவ பேரத்தான் எனக்கு விட்டிருக்கு. அவ எங்க இருந்து வந்தான்னு எங்க வீட்ல யாரும் கேட்டதில்ல."

"இப்பவும் யாரும் கேக்கல. மழைதான் கேக்குது. வாங்க."

மச்சாடோ அப்படி வரவில்லை. முன்கூடத்தில் தாத்தா படத்துக்குக் கீழே வாளி வைத்திருந்தார், ஓட்டின் இடுக்கு வழியாக அதில் சொட்டிக்கொண்டிருந்தது.

"எங்க குடும்பம் ஏழு துறைக்கும் தெரிஞ்ச குடும்பம், ரொசாலி. எவனோ ஒரு கரிக்கப்பல்காரன்..."

"ஆமா முதலாளி."

"ஞானஸ்நானம்கூட வாங்காதவன்."

"ஆமா முதலாளி. ஆனா ஒங்க தோணி மூணையும் கட்டிப்போட்ட எடத்துல போய்ப் பாத்துட்டு வந்துட்டாக எங்க வீட்டுக்காரக. மழை அங்கயும் வந்துட்டாம். பாய் எல்லாம் பூஞ்சை. கயிறு ஊறிப்போயி கூழ் மாதிரி இருக்காம். ஆவணிக்கு எதை வச்சு ஓட்டுவீங்க?"

அவர் வாளியைப் பார்த்தார். அது நிரம்பி வழிந்தது. வேலைக்காரியைக் கூப்பிடாமல் தானே தூக்கிக்கொண்டுபோய் முற்றத்தில் ஊற்றினார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு உப்பளத்தில் வேலை பார்த்த அத்தனை பேரும் உப்பு வாருகிற பலகையைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். வெள்ளை வரப்பில் முதலில் ரொசாலி, அவள் தலைக்கு மேல் ஒரு தூறல். பின்னால் போர்வையோடு பேச்சிமுத்து, அவருக்கொரு தூறல். கடைசியில் மச்சாடோவின் வெள்ளைக் கார், கண்ணாடியில் வைப்பர் ஆடிக்கொண்டிருந்தது, சுற்றிலும் கண் கூசுகிற வெயில். காரை வரப்பில் ஓட்ட முடியாததால் அவர் இறங்கிப் பளபளக்கிற செருப்போடு சேற்றில் நடந்தார். கஸ்பாரும் தொம்மையும் எட்டவே நின்றார்கள், ஒருவர் கையில் மெழுகுவத்தி, ஒருவர் கையில் கைக்குட்டை.

ஊமைப் பாத்தியின் ஓரத்தில் மூன்று தூறலும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நின்றன.

ரொசாலி செருப்பைக் கழற்றினாள். என்ன சொல்லித் தொடங்குவது என்று தெரியாமல் ரேஷன் கடையில் பெயர் சொல்வது போல உரத்துச் சொன்னாள்: "நான் ரொசாலி. இருதயமேரி மகள். இருதயமேரி மரியான் மகள். மரியான் செசிலி மகன். செசிலி ஈவான் மகள்." அங்கே நிறுத்தியிருக்கலாம், ஆனால் கடிதத்தில் கேட்டது ஞாபகம் இருந்தது. "ஈவான் ஹியூ மகன். ஹியூ ரோபர்ட் மகன்." அவள் மேல் விழுந்துகொண்டிருந்த தூறல் ஒரு பெருமூச்சு அளவுக்குத் தணிந்து பாத்திக்குள் இறங்கியது.

பேச்சிமுத்து முணுமுணுத்தார். பாதியில் தகப்பனுக்கும் பாட்டனுக்கும் இடையில் ஒரு பெயர் மறந்துபோய்த் தலையைச் சொறிந்தார், வரப்பில் நின்ற யாரோ எடுத்துக்கொடுத்தார்கள், "சங்கிலி, அண்ணாச்சி, சங்கிலி." அவர் தூறலும் இறங்கியது.

மச்சாடோ ஓர் அடி முன்னால் வந்தார். வெள்ளைச் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டிருந்தது, சாம்பல் நிறக் கண்ணில் தண்ணீர் ஓடியது, அது மழையா என்று யாரும் கேட்கவில்லை. "நான் ரெமிஜியுஸ்" என்றார். "அந்தோணி மகன். அந்தோணி ஞானப்பிரகாசம் மகன்." தாத்தாவின் பெயரோடு நின்றார். அதற்கு மேலே முன்கூடத்தில் அவர் ஆயிரம் தடவை சொன்ன ஒரு பெயர் இருந்தது, அது நாக்கு வரைக்கும் வந்தது, அதை விழுங்கினார். "ஞானப்பிரகாசம் ஈவான் மகன்" என்றார். பிறகு, யாரும் கேட்காமலே, "எடுத்து வளத்தவக மச்சாடோ வீடு" என்றார். "அதுவும் எழுதிக்கணும்."

"எழுதிக்கிடுதேன்" என்றார் தொம்மை.

மூன்றும் ஒன்றாகி ஊமைப் பாத்திக்குள் அமர்ந்தது. அதற்குப் பிறகு அது அங்கிருந்து எழுந்திருக்கவில்லை. அந்த நாலு வரப்புக்குள் மட்டும், வெயிலென்றும் பாராமல், பொடிப்பொடியாகத் தூறிக்கொண்டே இருந்தது. மூலையில் ஊற்றுக் கிளம்பிவிட்டது என்று பேச்சிமுத்து கம்பெனிக்குச் சொன்னார், எப்படியும் அதில் உப்பு வந்ததில்லை, கம்பெனி அதைப் பற்றி மேலே கேட்கவில்லை. வேலையாட்கள் கஞ்சி குடிக்கிற நேரத்தில் அதன் ஓரத்தில் போய் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டார்கள். தொம்மை அதற்கு நவநாள் வைக்கவில்லை, ஆனால் கல்லறைத் திருநாளுக்கு ஒரு மெழுகுவத்தி அதிகமாக எடுத்துவைக்க வேண்டும் என்று சுவரில் எழுதிக்கொண்டார். பந்தல் கம்புகளைப் பிடுங்கி எஸ்தர் கருவாட்டுக் கொடி கட்டினாள்.

மெகன் பியூவுக்கு மூன்று பெயர்வரிசையும் போய்ச் சேர்ந்து பதில் வந்தது. வெறுமையாக இருந்த இடத்தில் தாள் போதாமல் இன்னொரு தாள் ஒட்டியிருக்கிறாளாம். அவள் வீட்டின் மேல் மறுபடியும் மழை பெய்கிறதாம், ஆனால் முன்பு போல இல்லை, கொஞ்சம் உப்புக் கரிக்கிறது, ஜன்னல் கண்ணாடியில் வெள்ளையாகப் படிகிறது, பரவாயில்லை, துடைத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாள்.

ரொசாலி வீட்டுக் கூரை காய்ந்து மறுபடியும் சுட்டது. தகரம் சும்மா கிடந்தது.

"சத்தமில்லாம என்னமோபோல இருக்குட்டி" என்றான் கஸ்பார். அவன் சளி விட்டிருந்தது.

"ம்" என்றாள் அவள். அவளைத் தேடிக்கொண்டு இவ்வளவு தூரம் இதற்கு முன்னால் யாரும் வந்ததில்லை. அதை அவனிடம் சொல்லத் தோன்றவில்லை. காயப்போட்டு எஸ்தர் வீட்டிலேயே கிடந்த சேலையை வாங்கிவந்து மடித்து வைத்தாள்.

கோழி கூப்பிட்டதும் எழுந்து தூக்குவாளியில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு நடந்தாள். பின்னால் எதுவும் வரவில்லை, இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். உப்பளம் முழுக்க வெள்ளை பூத்துக் கிடந்தது. பேச்சிமுத்து வரப்பில் நின்று, "என்ன, பராக்குப் பாக்க வந்தியா?" என்று அதட்டினார், அதட்டிவிட்டு அவளுடைய பழைய பலகையை, வேறு யாரிடமும் கொடுக்காமல் வைத்திருந்ததை, அவள் பக்கமாக நீட்டினார். தூரத்தில் வடகிழக்கு மூலையில் முறத்தில் நொய் புடைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு பாத்திக்குள் இறங்கினாள், முதல் இழுப்பு உப்பை வாரினாள், பிறகு அடுத்தது.